சுரங்கம் மூடியபோது அப்பா போட்ட டெபாசிட்: மீட்டெடுத்த அனுபவம்

“அந்தப் பணம் இப்போ எங்ககிட்ட இல்லை, ரிசர்வ் வங்கிக்குப் போயிடுச்சு. அங்க போய்க் கேளுங்க.”

கோலார் தங்கவயல்காரர்கள் யாராவது பழைய டெபாசிட் ரசீதோடு வங்கிக்குப் போய் இந்தப் பதிலைக் கேட்டால், நாற்காலியை விட்டு எழுந்துவிடாதீர்கள். பதில் பாதிதான் உண்மை. முதிர்வுத் தேதி தாண்டி 10 வருஷம் யாரும் கேட்காத டெபாசிட்டை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு அனுப்பிவிட வேண்டும். அது 2014-இல் வந்த ஏற்பாடு. ஆனால் உரியவர் வந்து கேட்டால் பணத்தைக் கொடுக்க வேண்டியது அதே வங்கிதான். கொடுத்துவிட்டு அவர்கள் நிதியிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கவுண்டரில் இருந்தவருக்கு இது தெரியவில்லையா, தெரிந்தும் வேலை குறையட்டும் என்று சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

எங்கள் கதை இது. அப்பாவுக்கு சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் நின்றது. அப்புறம் வந்த செட்டில்மென்ட் பணத்தை லைனில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், இருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் செலவு செய்தார்கள்: சிலர் ஆட்டோ வாங்கினார்கள், சிலர் பெண்ணைக் கட்டிக் கொடுத்தார்கள், நிறையப் பேர் கடனை அடைத்துவிட்டு மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். அப்பா ஒரு பங்கை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டுவிட்டு அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. நாமினி பெயரும் கொடுக்கவில்லை. சில வருஷத்தில் நுரையீரல் தூசியில் அவரும் போய்விட்டார். லைன் வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று ஓட்டைப் பிரித்தபோது தகரப் பெட்டியைக் கீழே இறக்கினோம். அதற்குள்தான் ரசீது இருந்தது.

ரசீதில் இருந்த வங்கி இன்று அந்தப் பெயரில் இல்லை. வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. பெயர்ப்பலகை, கணக்கு எண், ஆட்கள் எல்லாம் மாறிவிட்டன. “இந்த நம்பர் எங்க சிஸ்டத்திலேயே வரலை” என்பதுதான் முதலில் கேட்டது. ரிசர்வ் வங்கி வசனம் அதற்கடுத்துதான்.

இந்த இடத்தில் உத்கம் என்கிற இணையதளம் கைகொடுத்தது. ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கியது, கேட்பாரற்ற டெபாசிட்டுகளைத் தேடுவதற்கு. கைபேசி எண் போதும், காசு கிடையாது. பெயரைக் கொடுக்க வேண்டும், வங்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கூடவே பான், வாக்காளர் அட்டை, பிறந்த தேதி மாதிரி ஏதாவது ஒன்று. அப்பாவுக்குப் பான் ஏது? ரேஷன் கார்டில் உள்ளபடி பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை. மைன் கணக்கு எழுதியவர்கள் ‘சாமி’யை ‘ஸ்வாமி’ ஆக்கி, இனிஷியலையும் பின்னால் தள்ளியிருந்தார்கள். அந்தப் பெயரைப் போட்டு, முகவரியில் பழைய லைன் பெயரையும் வீட்டு எண்ணையும் கொடுத்ததும் ஒரு வரி வந்தது. அந்த வீட்டு எண் நகராட்சி கொடுத்ததல்ல, கம்பெனி சுவரில் பெயின்ட் அடித்தது. ஆகவே இன்றைய ஆதார் முகவரியை வைத்துத் தேடிவிட்டு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பணம் போட்ட காலத்தில் வீட்டுக்கு என்ன விலாசமோ அதைப் போடுங்கள். கிடைத்தால் ஒரு குறிப்பு எண் வரும். அதை அச்செடுத்துக்கொண்டு போனால் ‘சிஸ்டத்தில் இல்லை’ என்று யாரும் சொல்ல முடியாது.

இறப்புச் சான்றிதழும் வம்சவிருட்சமும் (குடும்பத்தில் யார் யார் என்று காட்டும் சான்று) பெரிய தொல்லை இல்லாமல் கைக்கு வந்தன. பெயர்தான் இழுத்தடித்தது. ரசீதில் ஒரு பெயர், இறப்புச் சான்றில் ஒரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் அஃபிடவிட் போட்டு நோட்டரி வாங்கிக் கொடுத்தோம். “இது நீங்களே சொல்றது. வேற ஆதாரம் கொண்டாங்க” என்று திருப்பிக் கொடுத்தார்கள். வேறு ஆதாரம் எங்கே போவது? எங்கள் ஊரில் வீடு, விளக்கு, ஆஸ்பத்திரி எல்லாம் சுரங்கம் கொடுத்தது. அப்பாவுக்கு இருந்த காகிதம் எல்லாம் மைன் காகிதம். அதிலெல்லாம் ‘ஸ்வாமி’தான். வெளியே ரேஷன் கடைக்கும் வாக்குச்சாவடிக்கும் ‘சாமி’.

பெட்டியை மறுபடி கவிழ்த்தோம். சம்பளச் சீட்டுகள், யூனியன் சந்தா ரசீதுகள், அப்புறம் நாலாக மடித்து மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்த ஒரு பழுப்புத் தாள். சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்வார்கள் இல்லையா, அதற்கான ஓ படிவம். அப்பாவின் ‘ஸ்வாமி’ பெயர், தாத்தா பெயர், இடது புருவத்துக்கு மேல் தழும்பு என்ற அடையாளக் குறிப்பு, கீழே மை படர்ந்த பெருவிரல் ரேகை. தாத்தா பெயரை வம்சவிருட்சத்தோடு ஒத்துப் பார்க்கலாம். தழும்பு வாக்காளர் அட்டைப் புகைப்படத்திலேயே தெரிகிறது. மேனேஜர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி மறுபடி பார்த்தார், “சரி, காப்பி எடுத்துக் கொடுங்க” என்றார். அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்தது, “கோர்ட்டுக்குப் போய் வாரிசுரிமைச் சான்று வாங்கிட்டு வாங்க.” அதை வாங்கப் போனால் வக்கீல் கட்டணத்திலேயே டெபாசிட் கரைந்துவிடும். நாமினி இல்லாவிட்டாலும், வாரிசுகளுக்குள் தகராறு இல்லாமல் வங்கி வைத்திருக்கும் வரம்புக்குள் தொகை இருந்தால், ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டால் நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பது) வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே சொல்லியிருக்கிறது. உங்கள் வரம்பு எவ்வளவு என்று வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்துக் கேட்டேன், பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினேன். அதற்குப் பிறகு கோர்ட் பேச்சு எழவில்லை. எல்லாக் காகிதமும் கொடுத்த 15 நாளில் முடிக்க வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில் உண்டு. அது நடக்கவில்லை. புகார் எழுதிக் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று கடைசி வரியில் சேர்த்த பிறகுதான் தாள் நகர்ந்தது.

வட்டி பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். நிதிக்குப் போன நாளிலிருந்து தனிவட்டிதான். முதலில் 4 சதவீதம், 2018 ஜூலையிலிருந்து மூன்றரை, 2021 மே மாதத்திலிருந்து 3. ஆனாலும் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். எங்களுக்கு முதலில் காட்டிய தொகையில் வட்டியே சேர்க்கவில்லை.

இப்போது லைனில் புரோக்கர்கள் சுற்றுகிறார்கள். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண்ணான 13 சயனைட் மேடுகளை ஏலம் விட 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புக்கொண்டதிலிருந்து “மைன் திறக்கப் போகுது, பழைய பாக்கி எல்லாம் வரும்” என்று வீடு வீடாகப் பேச்சு. அந்த மண்ணை மறுபடி அலசுவதற்கும் உங்கள் அப்பாவின் டெபாசிட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நூற்றுக்குப் பத்து கமிஷன் கேட்டு எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். நான் காசில்லாமல் பார்த்த அதே இணையதளத்தைத்தான் அவரும் பார்க்கிறார்.

எதிர் வரிசை அக்கா ஒருவர் தன் வீட்டுக்காரரின் ரசீதைக் கொண்டுவந்து காட்டினார். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறார். பணம் கொடுக்கும்போது ரசீதின் பின்பக்கம் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். பிளாஸ்டிக் மேல் எதை ஒட்டுவது? அவருக்காக டூப்ளிகேட் ரசீது கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பெட்டியில் உள்ளதை அப்படியே உறையில் போட்டு வையுங்கள், லேமினேஷன் மட்டும் வேண்டாம்.