காலையில முருங்க இலையும் முட்டையும்

எங்கட வீட்டுல இப்ப காலையில முட்டை எண்டா, அதுல பாதிக்கு மேல முருங்க இலதான். களுவாஞ்சிக்குடி பக்கம் வளவுக்குள்ள முருங்க மரம் நிக்காத வீடு குறைவு, ஆனா நாம அத மத்தியானச் சோத்துக்கு வறை வறுக்கிறதோட நிப்பாட்டிருவம், காலையில புட்டும் சம்பலும், இல்லாட்டி பாணும் பொரிச்ச முட்டையும். இவருக்கு சீனி வருத்தம் எண்டு தெரிஞ்ச பிறகுதான் இப்பிடி மாத்தினன்.

முட்டை உடம்புக்குப் பாரம் எண்டு சனம் சொல்லுறத நான் ஏத்துக்கொள்ள மாட்டன். ஒரு முட்டையில 70 கலோரி கிட்டத்தான், புரதம் 6 கிராம் அளவுல வரும். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில 120 கலோரி! தாச்சியில நாம ஊத்துறது அதுக்கும் கூட. அப்ப குறைக்கவேண்டியது எண்ணெயத்தானே.

இல ஆயுறதுதான் பெரிய வேல எண்டு நிறையப் பேர் விட்டுருறாங்க. இரவைக்கே கொப்ப ஒரு துணியில சுத்தி வச்சிருங்க, விடிய உதறினா இல தானா கொட்டும், மிச்சக் காம்ப மட்டும் பொறுக்கினா சரி.

ரெண்டு பேருக்கு 3 முட்டை, ரெண்டு கையாலயும் அள்ளுற அளவு இல. தாச்சியில ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு சின்ன வெங்காயம், பச்சக் கொச்சிக்கா வதக்கி, இலையப் போட்டு உப்புத் தூவிக் கிளறுங்க, இதுல மட்டும் அவசரப்படக் கூடாது, ஈரம் நிண்டா முட்டை இறுகாம சுத்திவர தண்ணி விட்டுரும். இல சுருண்டு கரும்பச்சையாகி, சத்தம் அடங்கி, பச்ச வாசம் போனதும் அடிச்ச முட்டைய ஊத்தி நெருப்பக் குறைச்சு மூடிருங்க. ஆவியிலயே மேல்பக்கமும் அவிஞ்சிரும், பிரட்டத் தேவையில்ல, பிரட்டுறதுக்கெண்டு திரும்ப எண்ணெயும் விடத் தேவையில்ல. எண்ணெய அடியோட விட்டுராதீங்க, இலையில இருக்கிற விட்டமின் ஏ சத்து உடம்புல சேர கொஞ்சம் கொழுப்பு வேணும்.

பொன்னாங்காணியும் நல்லா வரும், மண் போக ரெண்டு மூண்டு தரம் அலசணும். கங்குன் தண்ணி விடும், இன்னும் கொஞ்ச நேரம் வத்த விடுங்க. வல்லாரைய நான் இதுக்குப் போடமாட்டன், அது பச்சையா சம்பல் போட்டாத்தான் ருசி.

இறக்கினதும் மிளகுத்தூளும் தேசிக்காய்ப் புளியும் விடுங்க, புளி ருசிக்கு மட்டுமில்ல, கீரையில இருக்கிற இரும்புச்சத்த உடம்பு எடுக்க உதவும். இவருக்கு இதோட ஒரு சின்ன குரக்கன் றொட்டி காணும். சாப்பிட்ட கையோட பிளேண்டி குடிச்சா அந்த இரும்புச்சத்து சேர விடாது, அதால எங்கட வீட்டுல தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான்.