எலிக்கு ஓட்டிசம் வருமோ?

எலிகளை வைத்து ஓட்டிசத்தை ஆராயும் ஆய்வுகூடத்திலிருந்து லீவில் கொக்குவிலுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து முடிக்கவில்லை, சித்தி கேட்டுவிட்டார்: "எலிக்கு ஓட்டிசம் வருமோ தம்பி?"

வராது சித்தி. ஓட்டிசம் மனிதரின் நடத்தையைப் பார்த்துச் சொல்வது. நாங்கள் அதோடு தொடர்புள்ள ஒரு மரபணுவைச் சுண்டெலியில் மாற்றிவிட்டு, மூளையிலும் நடத்தையிலும் என்ன மாறுகிறது என்று பார்க்கிறோம், அவ்வளவுதான். எலி மற்ற எலியோடு சேர விரும்புகிறதா என்று பார்க்க மூன்று அறைப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் கம்பிக்கூட்டுக்குள் புது எலி, மறுபக்கம் வெறும் கூடு. நடுவில் விட்ட எலி எந்தப் பக்கம் கூட நேரம் நிற்கிறது என்று 10 நிமிட வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து எழுத வேண்டும், கண் பூத்துப்போகும். வாசனைச் சவர்க்காரம்கூடப் போடமாட்டேன். ஆண்களின் மணத்துக்கே எலிகள் மிரளும் என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்தது, நான் என்ன செய்ய?

2007-இல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டின் குழு, ரெட் நோய்க்குறி (ஓட்டிசத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணு நோய்) எலிகளில் நிறுத்தியிருந்த மெசிபி2 மரபணுவைத் திரும்ப இயக்க, அவை பெரும்பாலும் தேறின. ஆனால் ஃப்ரஜைல் எக்ஸ் என்ற இன்னொரு மரபணு நோயின் எலிகளில் நன்றாக வேலை செய்த மருந்துகள் மனிதரில் தோற்றன. இரண்டையும் சொன்னேன்.

சித்தி பேசவில்லை. பேரன் திண்ணையில் விளையாட்டுக் காரைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அப்ப மருந்து இப்ப இல்லை, என்ன?"

"இல்லை சித்தி."