எம்மன்ஸும் மூன்றாவது தந்தியும்

மார்ச் 3, 2024, ஞாயிறு

ஒருவழியாகப் பெடல் ஸ்டீல் வீட்டுக்கு வந்துவிட்டது. கால்கள் மேல் படுக்கவைத்து, தந்தி மேல் இரும்பு பாரை நகர்த்தி, பெடலை மிதித்து வாசிக்கிற கிடார். பழசுதான். ஒற்றைக் கழுத்து, பத்துத் தந்தி, மூன்று பெடல், முழங்காலால் தள்ள ஒரே ஒரு லீவர். கற்றுக்குட்டிகளுக்கென்று செய்கிற மாடல். எல்லாம் பக்காவாக இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார், வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தால் நடுப் பெடலை மேலே இணைக்கிற கம்பியைக் காணோம். ஹார்டுவேர் கடையில் ஒரு கம்பி வாங்கி முனையை வளைத்து மாட்டினேன், இப்போதைக்கு ஓடுகிறது.

கும்பகோணத்திலிருந்து அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "என்னடா இது, இஸ்திரி போடுற மேஜையா?" என்றாள். பெடல் ஸ்டீல் மேதை எம்மன்ஸ் வாசித்த ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். (Buddy என்கிற அவர் முதல் பெயரைத் தமிழில் எப்படி எழுதினாலும் இடிக்கிறது, பட்டி என்றால் ஆட்டுப்பட்டி, படி என்றால் மாடிப்படி. எம்மன்ஸ் என்றே வைத்துக்கொள்கிறேன்.) அரை நிமிடம் கேட்டாள். "கோட்டுவாத்தியம் மாதிரிதான் இருக்கு. ஆனா எல்லாம் சேர்ந்து நகரலையே, நடுவுல ஒண்ணு மட்டும் எப்படித் தனியாப் போகுது?"

எனக்கு இந்தக் கேள்வி தோன்ற இரண்டு வருஷம் ஆனது.

மார்ச் 5, செவ்வாய்

அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஆறு நிமிடக் குரல் பதிவு அனுப்பினேன், கேட்டிருக்க மாட்டாள், அதனால் இங்கேயும் எழுதிவைக்கிறேன். கோட்டுவாத்தியத்தில் கட்டையை நகர்த்தினால் அதன் அடியில் இருக்கிற தந்தியெல்லாம் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். இதில் இடக்கையில் பிடிக்கிற இரும்பு பாரும் அதைத்தான் செய்கிறது. ஆனால் முதல் பெடலை மிதித்தால் ஐந்தாவது தந்தியும் பத்தாவதும் மட்டும் பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏறும், இரண்டாவதை மிதித்தால் மூன்றாவதும் ஆறாவதும் அரை ஸ்வரம் ஏறும், நாலாவது தந்தியான ஈ இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டு பேர் பாடும்போது ஒருவர் ஸ்வரத்தைப் பிடித்தபடி நிற்க, மற்றவர் மெல்ல ஏறி வந்து சேர்ந்துகொள்வதுபோல. அமெரிக்கக் கண்ட்ரி பாட்டில் வருகிற அந்த அழுகை இதுதான்.

1954இல் வெளிவந்த பாடகர் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். அதுவரை பெடல் என்பது சுருதி மாற்றிக்கொள்ள ஒரு வசதி, அவ்வளவுதான். அவர் இரண்டு ஏற்றத்தையும் ஒரே பெடலில் வைத்திருந்தார். எம்மன்ஸ் அதை இரண்டாகப் பிரித்தார். கேட்டால் அற்ப விஷயம் மாதிரி இருக்கும், காலை வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது: ஒன்றை மட்டும் மிதிக்கலாம், இரண்டையும் மிதித்துவிட்டு ஒன்றை மட்டும் விடலாம், குதிகாலைத் திருப்பி ஒன்றிலிருந்து மற்றதற்கு உருளலாம். அறுபதுகளின் தொடக்கத்தில் மேலே இரண்டு தந்தியைச் சேர்த்தவரும் அவரே. அதனால்தான் இந்த வாத்தியத்தில் முதல் தந்தி உச்சம் இல்லை, மூன்றாவதுதான் உச்சம். முதல் நாள் ட்யூன் செய்யும்போது நான் முழித்ததற்கு எம்மன்ஸ்தான் காரணம்.

மார்ச் 9, சனி

மாலை இங்கே நாஷ்வில்லின் பிராட்வே பக்கம் போனேன். சுற்றுலாக் கும்பல், பேச்சிலரேட் பார்ட்டி, தாங்க முடியாத இரைச்சல். ஆனால் ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் என்கிற மதுக்கூடத்தில் மட்டும் இன்னும் பழைய பாட்டுதான் வாசிக்கிறார்கள். அந்தக் கட்டடத்தில்தான் ஒரு காலத்தில் ஷோ-பட் ஸ்டீல் கிடார் கடை இருந்தது. ஷாட் ஜாக்சனும் எம்மன்ஸும் 1957இல் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, இருவர் பெயரையும் ஒட்டி வைத்த பெயர். அப்போது எம்மன்ஸுக்கு வயது இருபது! இந்தியானாவின் மிஷவாகாவில் பிறந்து, பதினோரு வயதில் அப்பா வாங்கிக் கொடுத்த ஆறு தந்தி லாப் ஸ்டீலில் (பெடல் இல்லாமல் மடியில் வைத்து வாசிப்பது) ஹவாய் பாணி படித்த பையன், பதினெட்டில் பாடகர் லிட்டில் ஜிம்மி டிக்கென்ஸின் குழுவில் சேர்ந்து நாஷ்வில் வந்தவர். 1963இல் தன் பெயரிலேயே தனி கம்பெனி. அதன் 'புஷ்-புல்' (பெடல் தந்தியை இழுக்கிற விதத்துக்கு வைத்த பெயர்) மாடல்களின் தொனிக்காக இன்றைக்கும் ஸ்டீல்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

மேடைக்குப் பக்கவாட்டில் இடம் கிடைத்தது. இன்றைக்கு வாசித்தவரின் கையைப் பார்க்காமல் வலது காலையே பார்த்தேன். அது வால்யூம் பெடல் மேல். தந்தியைத் தட்டுகிற கணத்தில் பாதம் பின்வாங்கியிருக்கிறது, ஒலி தேயத் தேய முன்னால் சாய்ந்து கொடுக்கிறது, ஸ்வரம் அப்படியே மட்டமாக நிற்கிறது. ஒருமுறைகூட பெடல் தரையைத் தொடவில்லை. நான் வீட்டில் பஸ் டிரைவர் மாதிரி மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 13, புதன்

வேலை தலைக்கு மேல். ஆனாலும் இரவு பதினொன்றுக்கு மேல் ஹெட்போனில் 1963ஐ மட்டும் கேட்டேன். அந்த ஒரு வருஷம் போதும்.

முதலில் கண்ட்ரி பாடகர் ரே பிரைஸின் 'நைட் லைஃப்'. தொடக்கத்தில் எம்மன்ஸ் சி6 கழுத்தில் (இரட்டைக் கழுத்து வாத்தியத்தில் ஜாஸ் பக்கம் சாய்கிற சுருதி வைத்த கழுத்து) வாசிக்கிற அந்தச் சில வரிகள். அழுகை கிடையாது. கடை மூடுகிற நேரத்தில் ஒரு ஆள் நாற்காலியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விடுவது மாதிரி, கீழ்த்தந்திகளில் தடித்த, கொஞ்சம் அழுக்கான தொனி. அப்புறம் அதே வருஷம் ஜூலையில் நியூயார்க்கில் பதிவு செய்த 'ஸ்டீல் கிடார் ஜாஸ்'. ஜெரோம் ரிச்சர்ட்சன் சாக்ஸபோன், ஆர்ட் டேவிஸ் பேஸ், சார்லி பெர்சிப் டிரம்ஸ். கண்ட்ரி குழுவில் வாசிக்கிற ஆள் ஜாஸ் சாக்ஸபோன்காரர் சன்னி ராலின்ஸின் 'ஓலியோ'வை இவர்களோடு வாசிக்கிறார். அதில் சறுக்கலே கிட்டத்தட்ட இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் கத்தரித்துப் போட்டதுபோல விழுகிறது, கண்ணை மூடிக் கேட்டால் ஏதோ காற்று வாத்தியம் என்று நினைக்கலாம்.

எல்லாம் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். 1976இல் பழைய கண்ட்ரி நட்சத்திரம் பாப் வில்ஸின் பாட்டுகளை அவரே பாடி ஒரு ஆல்பம் போட்டார். குரல் சுமார். ஆனால் பாட்டு முடிந்து ஸ்டீல் நுழைகிற இடத்தில் சுமாரெல்லாம் மறந்துபோகிறது.

மார்ச் 17, ஞாயிறு

மூன்றாவது தந்தி அறுந்துவிட்டது. இரண்டு வாரத்தில் இரண்டாவது முறை. இருப்பதிலேயே மெல்லிசு, அதையே பெடல் இன்னும் இழுக்கிறது, எல்லாருக்கும் அதுதான் அறுமாம். மாற்றினேன், விரலில் ஒரு குத்து.

இன்றைக்குப் பிடிபட்டது வேறு. இரண்டு வாரமாக என் வாசிப்பு ஏன் சேறு மாதிரி இருக்கிறது என்று பாரைத் திட்டினேன், ஆம்ப்ளிஃபையரைத் திட்டினேன். 'ஓலியோ'வைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டபோதுதான் உறைத்தது. அவருடைய ஸ்வரங்களுக்கு நடுவே மெல்லிய இடைவெளி இருக்கிறது. அடுத்த தந்தியை எடுப்பதற்குள் முந்தையதை வலது உள்ளங்கையின் ஓரத்தால் தொட்டு அடக்கியிருக்கிறார். இதை பிளாக்கிங் என்கிறார்கள். தட்டு, அடக்கு, தட்டு, அடக்கு. அந்த அடக்கலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் 'நைட் லைஃப்', சட்டென்று போட்டால் ஜாஸ். நான் இத்தனை நாள் தட்டுவதை மட்டும் பழகியிருக்கிறேன்.

ஒரு மணி நேரம் எட்டு, ஆறு, ஐந்து என்று மூன்றே தந்தி. மெட்ரோனோம் 50. பக்கத்து அறையிலிருந்து மனைவி வந்து, "ஏதாவது ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 23, சனி

ஜூடி காலின்ஸ் பாடிய 'சம்டே சூன்', 1968. எம்மன்ஸ் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த காலம், பாடகர் ரோஜர் மில்லருக்கு பேஸ் வாசித்துக்கொண்டே ஸ்டுடியோ வேலையும் பார்த்த காலம். இதில் அவர் ஈ9 கழுத்துக்கு (கண்ட்ரிக்கான சுருதி, என் வாத்தியத்தில் இருப்பதும் அதுதான்) திரும்பிவிடுகிறார், ஆனால் நாஷ்வில் அழுகை வேண்டாம் என்று முடிவெடுத்ததுபோல, மேல்தந்திகளில் வெளிச்சமாக, பாடகி மூச்சு வாங்குகிற இடத்தில் நுழைந்து அவர் திரும்ப வாயைத் திறப்பதற்குள் விலகிவிடுகிறார். ஒரு வரியை எழுதிவைத்துப் பழகினேன். ஸ்வரம் எல்லாம் சரியாகத்தான் விழுகிறது, ஆனால் நான் பாடகி மேல் போய் முட்டிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டை அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். இப்போதுதான் பதில் வந்தது, அங்கே ஞாயிறு விடிந்திருக்கும், காபி நேரம். "நல்லா இருக்குடா. அந்தப் பொண்ணு பாடுறப்ப அவன் எங்க போயிடுறான்?"

காபி குடித்து முடிக்கட்டும், கூப்பிடுகிறேன்.