பதினாறாம் எண் கம்பி

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், சோதனை இயந்திரங்களோடு இணைந்த லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன மாதம் ஓர் இரவு ஷிப்டில் டெக்னீஷியன் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, மவுஸ் நொண்டுது, வந்து பாரு."

பார்த்தேன். மவுஸை நகர்த்தினால் அம்பு விட்டுவிட்டுத் தாவியது. விசைப்பலகையும் அப்படித்தான். மறுதொடக்கம் செய்தால் இருபது நிமிடம் ஒழுங்காக ஓடும், பிறகு அதே கதை. மவுஸை மாற்றினோம், யுஎஸ்பி துளையை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை.

லினக்ஸின் மையமான கர்னல் எழுதும் பதிவைத் திறந்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது: ஐஆர்க்யூ 16, 'நோபடி கேர்ட்', அதாவது யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்து, பதினாறை முடக்குகிறேன் என்று இன்னொரு வரி. இன்டரப்ட் என்பது 'என்னைக் கவனி' என்று ஒரு சாதனம் அடிக்கும் மணி; அது வரும் கம்பியின் எண்தான் ஐஆர்க்யூ. இன்டரப்ட் பட்டியலில் பதினாறுக்கு நேராக இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று யுஎஸ்பி கன்ட்ரோலர், மற்றொன்று சென்சார்களின் சமிக்ஞைகளை வாங்கும் எங்கள் பிசிஐ உள்ளீட்டு அட்டை. பழைய மதர்போர்டு என்பதால் இரண்டுக்கும் ஒரே கம்பி.

ஒரே கம்பியில் மணி அடித்தால் யார் அடித்தது என்று கர்னலுக்குத் தெரியாது. அந்த எண்ணில் பதிந்திருக்கும் ஒவ்வொரு ஹேண்ட்லரையும், அதாவது மணிக்குப் பதில் சொல்லும் நிரல் துண்டையும், வரிசையாக அழைக்கும். ஹேண்ட்லர் தன் சாதனத்தைப் பார்த்து, "என்னுடையது" அல்லது "என்னுடையதில்லை" என்று சொல்ல வேண்டும். பிசிஐ கம்பியில் சாதனத்தைச் சமாதானப்படுத்தும்வரை மணி ஓயாது. கர்னல் ஒரு லட்சம் அழைப்புகள்வரை எண்ணுகிறது. அவற்றில் 99,900க்கு மேல் யாருமே ஏற்காவிட்டால் கம்பியையே அடைத்துவிடும். மணி விடாமல் அடித்தால் ஒரு லட்சம் எட்டுவதற்கு அதிக நேரம் ஆகாது.

அடைத்த பிறகு வினாடிக்குப் பத்து முறை மட்டும் போய் எட்டிப்பார்க்கும். மவுஸ் நொண்டியது அதனால்தான். பாவம், அது செய்த குற்றம் பக்கத்து வீட்டுக்காரனோடு கம்பியைப் பகிர்ந்தது மட்டுமே.

சரி, அட்டைதான் என்று தெரிந்தது. அவசரப்பட்டு அதன் ஹேண்ட்லருக்குள், பதிவில் செய்தி எழுதும் ஒரு அச்சு வரி போட்டேன். மணி அடித்தபோதெல்லாம் ஒரு வரி அச்சாகி, கணினி மொத்தமாக உறைந்தது. ஹேண்ட்லருக்குள் அவ்வளவு பேசக்கூடாது என்று தெரிந்தவன்தான் நான்.

அப்புறம் அட்டையை இயக்கும் டிரைவர் நிரலைப் பொறுமையாகப் படித்தேன். அட்டைக்குப் பதினாறு உள்ளீடுகள், எல்லாவற்றுக்கும் இன்டரப்ட் திறந்தே இருந்தது. ஆனால் ஹேண்ட்லர், எந்த உள்ளீடு மணி அடித்தது என்று உள்ளீட்டுக்கு ஒரு பிட்டாகக் காட்டும் நிலை ரிஜிஸ்டரின் கீழ் எட்டு பிட்டுகளை மட்டுமே பார்த்தது. அதற்கு முந்தைய வாரம்தான் தட்டு நிறைந்ததைச் சொல்ல ஒரு புது சென்சார் வைத்தார்கள், ஒன்பதாவது உள்ளீட்டில். தட்டு நிறைய இருபது நிமிடம். அது மணி அடிக்கும், ஹேண்ட்லர் எட்டு பிட்டைப் பார்த்து "என்னுடையதில்லை" என்று கைவிரிக்கும், பிட் அழியாது, கம்பி விடாது. இரண்டு வருடங்களுக்கு முன் அந்த வரியை எழுதியவன் நானேதான்.

பதினாறு பிட்டையும் பார்த்து, எழுந்தவற்றை அழித்து, "என்னுடையது" என்று திருப்பும்படி மாற்றினேன். தட்டு நிறைந்தபோது இன்டரப்ட் பட்டியலில் பதினாறுக்கு நேரான மணி எண்ணிக்கை ஒன்றே ஒன்று கூடியது. விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப என் மவுஸ் நல்லாதான் இருந்துச்சா?" என்றார் அண்ணன். அதற்குள் அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டிருந்தார்.