ஹிங்லாஜில் தொலைந்த சிலம்பு

அம்மாவின் நேர்த்திக்கு 2024இல் 15 வயது. 2009இல் இலங்கையில் போர் முடிந்து அண்ணா செட்டிகுளம் முகாமில் முள்வேலிக்குள் இருந்தபோது, அம்மா நயினாதீவு நாகபூசணி அம்மன் முன்னால் போய் நின்று, "பிள்ளையை வெளியே விட்டால், உன் காலைக் கும்பிட்ட நான் உன் உச்சியையும் வந்து கும்பிடுவேன்" என்று சொல்லிவிட்டார். சதியின் உடல் சிதறி விழுந்த சக்தி பீடங்களில், நயினாதீவு அம்பாளின் சிலம்பு விழுந்த இடம். உச்சி விழுந்த இடம் ஹிங்லாஜ் என்று ஏதோ ஒரு நவராத்திரிப் புத்தகத்தில் படித்திருக்கிறார். அது பாகிஸ்தானில், பலுசிஸ்தான் மலைக்குள் இருக்கிறது என்பது நேர்த்தி வைத்த பிறகுதான் தெரியவந்தது! அண்ணா வந்துவிட்டார். கடன் மட்டும் நின்றது.

2022இல் என் கணவருக்குக் கராச்சியில் ஆடைத் தொழிற்சாலை வேலை கிடைத்தது. சியால்கோட்டில் இலங்கை மேலாளர் ஒருவரைக் கும்பல் அடித்துக் கொன்று எரித்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போகவே வேண்டாம் என்று அம்மா அழுதார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "கராச்சியிலிருந்து ஹிங்லாஜ் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். 250 கிலோமீற்றர். அழுகை அத்தோடு முடிந்தது. முழங்கால் வலியால் தன்னால் வர முடியாது என்று, நயினாதீவில் அம்மன் காலடியில் வைத்தெடுத்த ஒரு சின்ன வெள்ளிச் சிலம்பைத் துணியில் முடிந்து தந்தனுப்பினார்.

யாத்திரை ஏப்ரலில். 2024 ஏப்ரலில் போவதாக முடிவு. அந்த ஏப்ரலை நான் மறக்க மாட்டேன். 12ஆம் திகதி பலுசிஸ்தானில் நோஷ்கி அருகே ஆயுததாரிகள் பஸ்ஸை மறித்து, அடையாள அட்டை பார்த்து, பஞ்சாப்காரர் ஒன்பது பேரை இறக்கிக்கொண்டுபோய்ச் சுட்டார்கள். 19ஆம் திகதி எங்கள் கராச்சியிலேயே, லாண்டியில், ஜப்பானியர் போன வானைத் தற்கொலைக் குண்டுதாரி தாக்கினான். அவர்கள் தப்பியது அம்பாள் செயல். மறுநாளே கணவருடைய கம்பெனியில், வெளிநாட்டு ஊழியர் யாரும் நகரத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று கடிதம். நான் அந்தக் கம்பெனி ஊழியர் இல்லையே! பலுசிஸ்தானுக்குள் போக வெளிநாட்டுக்காரருக்கு அனுமதிக் கடிதம் வேண்டும். அதற்காக ஒரு அலுவலகத்தில் ஆறு தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு போட்டோப் பிரதி கேட்டார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் மாலை நாலு மணிக்குக் கையில் கொடுத்தார்கள்.

துணைக்கு வந்தவர் மதராசி பாராவில் இருக்கும் ஒரு அக்கா. ஜின்னா ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பு அது. பிரிவினைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள், இன்னும் மாரியம்மனுக்குத் திருவிழா எடுக்கிறார்கள். அக்காவின் தமிழில் பாதி உருது. என் யாழ்ப்பாணத் தமிழ் அவருக்குப் பாதிதான் விளங்கும். எப்படியோ சமாளித்தோம்.

சுவாமி நாராயண் மந்திரிலிருந்து இரவில் பஸ் புறப்பட்டது. ஹப் பாலம் தாண்டினால் பலுசிஸ்தான். அதற்குப் பிறகு செக்பொயின்ட், செக்பொயின்ட், செக்பொயின்ட். சிந்து மாகாணத்தின் தர்பார்க்கர், உமர்கோட்டிலிருந்து வந்த கோலி, மேக்வார் சாதிச் சனம் பஸ் கூரையிலும் இருந்து 'ஜெய் மாதா தி' என்று கத்திக்கொண்டே வந்தது. சிப்பாய் ஏறியதும் பஸ் அடங்கிவிடும். டோர்ச் ஒவ்வொரு அட்டையாகப் போகும். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் நான் நின்ற வரிசைகளெல்லாம் வயிற்றுக்குள் திரும்பி வந்தன. அதே டோர்ச், அட்டைக்கும் முகத்துக்கும் மாறி மாறிப் போகிற அதே பார்வை. மக்ரான் கரையோர நெடுஞ்சாலைக்குள் திரும்பியதும், 2019இல் இதே சாலையில் ஓர்மாராப் பக்கம் பஸ்களிலிருந்து இறக்கி 14 பேரைச் சுட்டதை யாரோ பின்னால் பேசத் தொடங்கினார்கள். அக்கா திரும்பி உருதுவில் ஒரு அதட்டு. பேச்சு நின்றது. நான் அபிராமி அந்தாதி சொல்லத் தொடங்கி, மூன்றாம் பாட்டுக்கு மேல் வராமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கடைசிச் சாவடியில் லெவீஸ் என்ற உள்ளூர்க் காவல்படையின் பலூச்காரர் ஒருவர் என் பையைத் திறந்து முடிச்சை அவிழ்த்தார். ஒற்றைச் சிலம்பு. இது என்ன என்றார். அம்மா கொடுத்தது என்று எனக்குத் தெரிந்த உருதுவில் சொன்னேன். "நானிக்கா?" என்று கேட்டார். அங்கே முஸ்லிம்களுக்கு அவள் நானி, பாட்டி. ஆமாம் என்றேன். துணியை நான் முடிந்ததைவிட இறுக்கமாக முடிந்து கையில் தந்தார்.

முதலில் சந்திரகூப். சேற்று எரிமலை. வெயில் ஏறுமுன் ஏறிவிட வேண்டும் என்று சொன்னார்கள், ஏறி முடிக்கும்போது வெயில் தலைக்கு மேலே. உச்சியில் சாம்பல் நிறச் சேறு கொப்புளித்துக்கொண்டிருந்தது. தேங்காயைப் போட்டோம். அது மெல்ல உள்ளே போனதும் அக்கா சேற்றை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டார். கீழே அடிவாரத்தில் அதே தேங்காய்க்கு மூன்று மடங்கு விலை. செருப்புப் பார்ப்பதற்குத் தனியாகப் பணம், நிழலில் உட்கார்ந்தால் அதற்கும் பணம். பெண்களுக்குக் கழிப்பறை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு இலட்சம் பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த இடத்தில் இதைக்கூடச் செய்ய முடியாதா? சாலை வருவதற்கு முன் இந்தப் பாலைவனத்தை நடந்தே கடந்து வந்தவர்களை நினைத்துக் கோபத்தை அடக்கிக்கொண்டேன். முழுவதும் அடங்கவில்லை.

ஹிங்கோல் ஆற்றில் குளித்துவிட்டு குகைக்குப் போனோம். கோபுரம் இல்லை, கதவு இல்லை. மலையின் மடிப்புக்குள் ஒரு பெரிய வாய். அதற்குள் மண்ணால் மெழுகிய மேடை, சிவப்புத் துணிகள், நடுவில் சிந்தூரம் அப்பிய ஒரு கல். முகமே இல்லாத அம்பாள். நயினாதீவில் அலங்காரத்தோடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. தொண்டர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்து, 'போ போ' என்று தள்ளினார். விஐபி யாரோ வருகிறார்களாம். சிலம்பை எடுக்கக்கூட விடவில்லை.

மேடைக்கு அடியில் தவழ்ந்து போகிற ஒரு வழி இருக்கிறது. தாய் வயிற்றிலிருந்து மறுபடி பிறப்பது மாதிரி என்பார்கள். சிலம்பைக் கையில் பொத்திக்கொண்டு அதற்குள் புகுந்தேன். நடுவில் எனக்கு முன்னால் போன கிழவி நின்றுவிட்டார். பின்னாலும் ஆள். இருட்டு. மூச்சு முட்டியது. பங்கருக்குள் இருந்த சின்ன வயது ஞாபகம் வந்து கை நடுங்கியது. அம்மா என்று கத்தினேன், எந்த அம்மாவை என்று தெரியாது. கிழவி பின்பக்கமாகக் கையை நீட்டி என் தலையைத் தொட்டார். சரியாக உச்சியில். ஏதோ சிந்தியில் சொன்னார். நான் அழத் தொடங்கினேன். அதற்குப் பிறகு எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. வெளிச்சத்தில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் வெறும் துணி.

திரும்ப உள்ளே போகிறேன் என்றேன். விடவில்லை. அந்தக் கிழவியைத் தேடினேன், அந்தச் சனத்துக்குள் எங்கே தேடுவது! அவர் தொட்ட இடம் மட்டும் குளிர்ந்துபோய் இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது. தாயே, நான் என்ன செய்தேன் உனக்கு, இவ்வளவு தூரம் கூட்டிவந்து இப்படித் தொட்டு அனுப்புவதற்கு? விஐபி, தேங்காய் விலை, ஆறு தடவை நடந்த அலுவலகம் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. வரும் வழியில் எத்தனை சாவடி என்று நான் எண்ணவும் இல்லை.

அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. ஹப்புக்குக் கிட்ட வந்த பிறகுதான் அம்மாவைப் பிடிக்க முடிந்தது. சிலம்பு தொலைந்ததைச் சொல்லப் பயமாக இருந்தது. சொன்னேன்.

"எங்கே விழுந்தது?"

"குகைக்குள்ளே, அம்பாளுக்கு அடியில்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப சரி" என்றார். பிறகு, "ஆற்றில் குளித்தாயா, தலையைத் துவட்டினாயா?" என்று கேட்டார்.