கையகல அட்டையில் எட்டுச் சொற்கள்

வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் அமெரிக்கா வந்த எனக்கு அப்போது வேலை பார்க்க அனுமதி இல்லை. படிக்கத் தடை இல்லை என்று தெரிந்ததும் பக்கத்திலிருந்த கம்யூனிட்டி காலேஜில் கணக்கியல் படிக்கச் சேர்ந்தேன். கலிபோர்னியாவில் இப்படி இரண்டு வருடம் படித்துவிட்டு கால் ஸ்டேட் எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒன்றுக்கு மாறிக்கொள்ளலாம். எந்த முதன்மைப் பாடம் எடுத்தாலும் மாறுவதற்கு முன் நான்கு அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும்: எழுத்து, கணிதம், தர்க்கச் சிந்தனை, பேச்சு. முதல் மூன்றும் எனக்குப் பயம் தரவில்லை. நான்காவதைத் தள்ளித் தள்ளிப் போட்டு மூன்றாவது செமஸ்டர் வரை கொண்டுவந்துவிட்டேன்.

மேடை எனக்குப் புதிதல்ல. பள்ளியில் தமிழ்ப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆசிரியை எழுதிக் கொடுப்பார். வரி பிசகாமல் மனப்பாடம் செய்து, கையை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தி ஒப்பித்துவிட்டு வருவேன். இங்கே பயந்ததெல்லாம் ஆங்கிலத்துக்குத்தான். என் உச்சரிப்பு யாருக்கும் புரியாது என்று வந்த நாளிலிருந்தே ஒரு நினைப்பு. ஓட்டுநர் உரிமம் வாங்கப் போனபோதுகூட கவுன்டரில் என் பெயரைக் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. கணவர்தான் எழுத்துக் கூட்டிச் சொன்னார். போன் வந்தாலும் அவர் கையில் கொடுத்துவிடுவேன். கடையில் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் நானே தேடிக்கொள்வேன். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியிருந்தது.

முதல் பேச்சுக்கு நான்கிலிருந்து ஆறு நிமிடம் கொடுத்திருந்தார்கள். நான் ஐந்து நிமிடத்துக்கு எழுதி, பழைய பழக்கப்படி முழுவதையும் மனப்பாடம் செய்தேன். வகுப்பில் நின்றதும் ஒரே மூச்சில் ஓடினேன். மூன்று நிமிடம் ஆவதற்குள் முடிந்துவிட்டது. கேட்டவர்கள் ஆளுக்கொரு சீட்டில் கருத்து எழுதித் தர வேண்டும் என்பது அந்த வகுப்பின் முறை. எல்லாரும் அன்பாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு சீட்டில் மட்டும், "நீங்கள் சொன்னது முக்கியமான விஷயம் என்று தெரிந்தது. ஆனால் ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை" என்றிருந்தது.

அந்தச் சீட்டை இன்றும் வைத்திருக்கிறேன். என் உச்சரிப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஒவ்வொருவர் பேச்சையும் வீடியோ எடுத்துக் கொடுத்து, அதைப் பார்த்து ஒரு பக்கம் எழுதி வரச் சொல்வார் பேராசிரியர். என்னுடையதைப் பார்க்கவே இரண்டு நாள் ஆனது. வீடியோவில் என் கண்கள் பின்சுவரில் இருந்த கடிகாரத்தை விட்டு இறங்கவே இல்லை. இன்னொன்றும் காதில் பட்டது. தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் அதனதன் அளவைக் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் ஓர் அசையை அழுத்திவிட்டு மற்றவற்றை விழுங்கிவிடுகிறார்கள். 'போட்டோகிராஃப்' என்றால் முதல் அசையில் அழுத்தம், 'ஃபட்டாக்ரஃபி' என்று வரும்போது அது இரண்டாவது அசைக்குப் போய்விடுகிறது. நான் எல்லா அசைகளையும் ஒரே சீராக அடுக்கி, வேகத்தையும் கூட்டினால், கேட்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? பேராசிரியரிடம் போய் உச்சரிப்பை மாற்ற வழி கேட்டேன். அதை மாற்ற வேண்டாம், வேகத்தைக் குறைத்து முக்கியமான சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு நில்லுங்கள், போதும் என்றார்.

அடுத்த வாரம் ஒரு மாணவனின் பேச்சு. பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், வகுப்புக்கு வெளியே எல்லாரையும் கலகலப்பாக வைத்திருப்பவன். குறிப்பு எழுதிய சிறிய அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். நான் முதல் வரிசை. அட்டை படபடவென்று ஆடும் சத்தம் எனக்குக் கேட்டது. அவன் அதை இரண்டு கையாலும் பிடித்தான், அப்போதும் ஆடியது. கழுத்தில் சிவப்புத் திட்டுகள் ஏறின. தாய்மொழியில் பேசும் பையன். ஒன்றரை வருடமாக எல்லாப் பழியையும் என் ஆங்கிலத்தின் மேல் போட்டுவந்த எனக்கு, பயம் மொழியில் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கூட்டத்தின் முன்னால் நிற்கும்போது படபடப்பதும் கை நடுங்குவதும் வாய் உலர்வதும் அட்ரினலின் செய்கிற வேலை, அதற்கு மொழி தெரியாது. நிமிர்ந்து பார்த்தான். நான் தலையசைத்தேன். அதற்கப்புறம் மூன்று நான்கு வாக்கியங்களை என்னைப் பார்த்தே சொன்னான். அந்த நாட்டில் அதுவரை யாரும் என்னை அப்படி நம்பிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

முழுதாக எழுதிப் படிப்பதையும் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதையும் அந்த வகுப்பில் ஏற்பதில்லை. நன்றாகத் தயாரிக்க வேண்டும், ஆனால் வாக்கியங்கள் பேசுபவர் நிற்கிற இடத்தில்தான் பிறக்க வேண்டும். கையில் மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டை ஒன்று, அதில் சில சொற்கள், அவ்வளவுதான். இதைப் புரியவைக்க 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசியதை ஓடவிட்டார் பேராசிரியர். சுமார் பதினேழு நிமிட உரை. முன்பாதி முழுக்கக் கண்கள் அடிக்கடி தாளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. 'எனக்கு ஒரு கனவு உண்டு' என்ற புகழ்பெற்ற பகுதி அன்றைக்கு எழுதி வைத்திருந்த உரையில் இல்லாதது. அருகிலிருந்த பாடகி மஹாலியா ஜாக்சன் கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல் கொடுத்ததாக உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடத்துக்கு வந்ததும் கிங்கின் பார்வை தாளை விட்டுக் கூட்டத்துக்குப் போய்விடுகிறது. பேராசிரியர் ஒலியை நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டார். சத்தமில்லாமலே அந்த மாற்றம் தெரிந்தது.

தமிழில் 'செலச் சொல்லுதல்' என்கிறோமே, கேட்பவர் மனத்துக்குள் செல்லும்படி சொல்வது, அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த சொல். பரிசு வாங்கிய காலத்தில் ஒருநாளும் நான் அதைச் செய்ததில்லை.

கடைசிப் பேச்சு, கேட்பவர்களை ஒரு செயலுக்கு இணங்கவைக்கும் பேச்சு. பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆலன் மன்றோ 1930களில் வகுத்த ஐந்து படிகளில் அமைக்க வேண்டும்: கவனத்தை இழுப்பது, தேவையைக் காட்டுவது, தீர்வைச் சொல்வது, அது நடந்தால் எப்படியிருக்கும் என்று மனக்கண்ணில் காட்டுவது, கடைசியில் செயலுக்கு அழைப்பது. நான் உறுப்பு தானத்தை எடுத்துக்கொண்டேன். காரணம் இருந்தது. கலிபோர்னியாவில் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே, இறந்த பின் உறுப்புகளைத் தானம் செய்யப் பதிவு செய்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். சரியாகப் புரியாமல், கேட்கவும் தயங்கி, 'இப்போதைக்கு வேண்டாம்' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு வந்தவள் நான்.

அட்டையில் எட்டுச் சொற்கள் எழுதிக்கொண்டேன். 1954இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தியதிலிருந்து தொடங்கினேன். உடல் ஏற்றுக்கொண்ட முதல் மாற்றுச் சிறுநீரகம் அது. இந்நாட்டில் 1,00,000க்கு மேற்பட்டவர்கள் உறுப்புக்காகக் காத்திருக்கிறார்கள் என்றேன். ஒருவரால் எட்டுப் பேர்வரை பிழைக்கலாம், குடியுரிமை இல்லாதவர்களும் பதிவு செய்யலாம் என்றேன். அப்புறம், "உங்கள் உரிமத்தை வெளியே எடுத்து, பதிவு செய்தவர் என்பதைக் காட்டும் இளஞ்சிவப்பு வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்" என்று சொல்லிவிட்டு நின்றேன்.

பர்ஸ்கள் திறந்தன. பைகளின் ஜிப் இழுபடும் சத்தம். நான் ஒன்றும் பேசவில்லை. பத்து நொடி இருக்கும். பழைய நானாக இருந்தால் அந்த இடைவெளியில் ஐந்து வாக்கியம் அடைத்திருப்பேன். முதல்முறையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அந்தப் பையன் தன் உரிமத்தைத் தூக்கிக் காட்டினான். வட்டம் இருந்தது. பதினாறு வயதில் உரிமம் வாங்கும்போது அம்மாவுடன் பேசி முடிவு செய்தானாம். நானும் என் உரிமத்தை எடுத்துக் காட்டி, "என்னுடையதில் இல்லை. கேள்வி புரியவில்லை, கேட்கப் பயமாக இருந்தது" என்றேன். அந்த வரி அட்டையில் இல்லாதது. அதைச் சொல்லும்போது வகுப்பு எவ்வளவு அமைதியாகக் கேட்டது என்பதை என்னால் மறக்க முடியாது. நேரம் பார்ப்பவர் மஞ்சள் அட்டையைத் தூக்கியபோது இன்னும் இரண்டு சொற்கள் பாக்கி. நிதானமாகவே முடித்தேன்.

விசா நீட்டிப்பு வந்ததும் உரிமத்தையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கணவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கவுன்டரில் இருந்த பெண் என் பெயரைக் கேட்டார். ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் சிறிது நிறுத்திச் சொன்னேன். ஒரே தடவையில் தட்டச்சு செய்துவிட்டு, விண்ணப்பத்தில் தானக் கேள்விக்கு 'ஆம்' என்று குறித்திருக்கிறீர்களே, சரிதானே என்று கேட்டார். சரிதான் என்றேன்.