முதல் மாதச் சம்பளமும் தரங்கம்பாடிப் பலிபீடமும்

ஆசிரியர் தகுதித் தேர்வில் என் மகள் இரண்டாம் முறையும் தவறிய அன்று இரவு, என் அம்மா நெடுநேரம் முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு, எங்களிடம் ஒன்றும் பேசாமல் படுத்துக்கொண்டார். பேத்திக்கு வேலை கிடைத்தால், அவளுடைய முதல் மாதச் சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறையாமல் தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் காணிக்கையாகச் செலுத்துவதாகவும், ஜெர்மனியிலிருந்து வந்து தரங்கம்பாடியில் ஊழியம் செய்த மிஷனரி சீகன்பால்கு ஐயர் அடக்கமாகியிருக்கும் பலிபீடத்தின் முன் தாமே வந்து முழங்காற்படியிடுவதாகவும் அன்று அவர் பொருத்தனை செய்திருந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து நியமன ஆணை கைக்கு வந்த பிறகுதான் இது எங்களுக்குத் தெரிந்தது.

வேறு ஆலயத்தை அம்மா நினைக்கவில்லை. அவருடைய பாட்டி எட்டு வயதில் தரங்கை என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் தரங்கம்பாடியின் மிஷன் விடுதியில் சேர்க்கப்பட்டவர். எங்கள் குடும்பத்தில் அதுவரை எழுத்தறிந்தவர் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. அந்தப் பாட்டி ஆசிரியை ஆனார். அவர் மகளும், என் அம்மாவும் ஆசிரியைகள் ஆனார்கள். நான் மட்டும் அலுவலக வேலைக்குப் போய்விட்டேன் என்பது அம்மாவின் மனத்தில் நெடுநாளாக இருந்த வருத்தம்.

திருச்சியிலிருந்து அதிகாலை ரயிலேறி மயிலாடுதுறையில் இறங்கினோம். அன்று முகூர்த்த நாள் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் போகிற உறவுக்கூட்டம் பேருந்தை நிறைத்திருந்தது. மூட்டுவலியுள்ள எழுபத்தாறு வயது அம்மா செம்பனார்கோயில் வரை கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தார். இளம்பிள்ளைகள் கைப்பேசியிலிருந்து தலை நிமிரவில்லை. முடிவில் எழுந்து இடம் கொடுத்தவர், சதாபிஷேகத்துக்குப் போய்க்கொண்டிருந்த, அம்மாவைவிட மூத்த ஓர் அம்மையார். "நீங்க உக்காருங்க, எனக்கு அங்க போயி நாள் முழுக்க உக்காந்துதானே இருக்கணும்" என்றார். அவரை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

தரங்கம்பாடியில் இறங்கியவுடன் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நேராக ஆலயத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லித்தான் ஏறினோம். அப்போது இவ்வூரை ஆண்ட டென்மார்க் நாட்டு டேனிஷ்காரர்கள் 1792-இல் கட்டிய நகர வாயிலைக் கடந்த வண்டி, ராஜ வீதியில் ஆலயத்தைத் தாண்டிப் போய்க் கோட்டை வாசலில் நின்றது. எல்லாரும் முதலில் இங்கேதான் வருவார்கள் என்று சொல்லி, பேசியதற்கு இரு மடங்கு கேட்டார் ஓட்டுநர். வழிகாட்டி என்று ஒருவர் ஒட்டிக்கொண்டார். சங்குமாலை விற்பவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். புனிதமான காரியத்துக்கு வருகிற முதியவர்களை இப்படி அலைக்கழிப்பது நியாயமில்லை. ஆனால் அம்மா கோட்டைச் சுவரைப் பார்த்தபடி நின்றார். 1708-ஆம் ஆண்டின் இறுதியில் டேனிஷ் ஆளுநர் ஐயரைச் சிறைப்படுத்தி நான்கு மாதம் வைத்திருந்தது இந்தக் கோட்டையில்தான் என்று பேத்தியிடம் சொன்னார். "ஐயரை இங்க கொண்டுவந்து விட்டாங்க, நம்மையும் கொண்டுவந்து விட்டிருக்காங்க" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, ஆலயத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

அந்த வீதியில் நடக்கும்போது, சிறுவயதில் கேட்ட கதைகளை அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு ஐயரும் அவருடைய உடன் ஊழியர் புளுட்சோ ஐயரும் இக்கரையில் இறங்கியபோது, அவர்களுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. திண்ணைப் பள்ளி நடத்திய முதிய வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே வந்து பள்ளி நடத்தச் செய்து, இருபத்து நான்கு வயது நிரம்பப்போகிற சீகன்பால்கு ஐயர் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். மறு ஆண்டே அவர் பள்ளியைத் தொடங்கினார். பெண் பிள்ளைகளையும் சேர்த்து, சோறும் துணியும் கொடுத்து, தொடக்கத்தில் தம் சம்பளத்திலிருந்தே செலவழித்து அந்தப் பள்ளியை நடத்தினார். ஓலையில் பிரதி எடுத்துக் கட்டுபடியாகாததால் அச்சகம் வந்தது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. 1716-இல் ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் பின்னாளில் தரங்கையில் மிஷனரி ஜான் ஐயரிடம் படித்தவர்தாம். டேனிஷ் ஆட்சி 1845-இல் ஆங்கிலேயருக்குக் கைமாறிய பிறகும் பள்ளிப் பணி நிற்கவில்லை. ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் நடத்தியது, அதன்பின் நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை நடத்துகிறது. அந்த நீண்ட வரிசையின் ஏதோ ஒரு பெஞ்சில்தான் என் கொள்ளுப்பாட்டி உட்கார்ந்திருந்தார்.

முகப்பில் டென்மார்க் அரசன் நான்காம் பிரெடெரிக்கின் முடிச் சின்னத்தோடும் 1718 என்ற ஆண்டோடும் நிற்கும் ஆலயத்துக்குள் நுழைந்தபோது, பலிபீடத்தின் முன்னே சில சுற்றுலாப் பயணிகள் உரக்கச் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தாறு வயதில், இந்த ஆலயம் பிரதிஷ்டையாகி ஐந்து மாதம்கூட நிறைவதற்குமுன், 1719 பிப்ரவரி 23 அன்று கண்மூடிய ஒருவர் கீழே உறங்குகிறார் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அவர்கள் போகும் வரை காத்திருந்தோம்.

மகள் உறையைக் காணிக்கைப் பெட்டியில் போட முயன்றாள். வங்கியிலிருந்து எடுத்த முழுச் சம்பளம். உறை தடிமனாக இருந்ததால் பெட்டியின் வாய்க்குள் நுழையவில்லை. உறையைப் பிரித்து, நான்கைந்து தாள்களாக மடித்துப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா தம் கையை அவள் கையின்மேல் வைத்து அழுத்தினார். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுதப் பழக்கிய கை, அதே பிடி. நான் அழுதுவிட்டேன்.

பிறகு, நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபிக்கலாம் என்று நான் எவ்வளவோ சொல்லியும் கேளாமல், எங்கள் இருவரின் தோளையும் பற்றிக்கொண்டு அம்மா முழங்காற்படியிட்டார். பொருத்தனையைச் செலுத்துவேன் என்று பாடும் 116-ஆம் சங்கீதத்தைப் பாராமல் சொன்னார். ஆண்டவரே, எங்களுக்கு எழுத்தைத் தந்தீரே, ஸ்தோத்திரம். எங்கள் பாட்டியைச் சேற்றிலிருந்து தூக்கிப் பள்ளியில் உட்காரவைத்தீரே, ஸ்தோத்திரம். கடல் கடந்து வந்தவர்களுக்காக ஸ்தோத்திரம். இடம் கொடுத்த அந்த அம்மாளுக்காக ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் மனத்தில் எழுதி வைத்திருந்த வேண்டுதல்களில் ஒன்றுகூட எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. நன்றி ஒன்றே வந்தது.

எழுந்திருக்க அம்மாவைத் தூக்கப் போனபோது, இன்னும் ஒன்று இருக்கிறது என்று தடுத்தார். ஐயருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த அந்த வாத்தியார் நம் மதத்தவர் அல்லர், அவருக்கு யாரும் ஸ்தோத்திரம் சொல்வதில்லை, ஆனால் அவர் அன்று மணலில் விரலைப் பிடித்து எழுதவைக்காவிட்டால் நமக்கு ஒன்றுமே வந்திருக்காது என்றார். அந்த வாத்தியாருக்காகவும், அவர் திண்ணையில் படித்த பிள்ளைகளுக்காகவும் பெயர் சொல்லாமலே நன்றி சொல்லி ஜெபத்தை முடித்தார். என் மகள் "ஆமென்" என்றாள்.